ஒரு தூண்டிலுக்கு எத்தனை வர்த்தமானி?

எரிச்சல்லதான் எழுதுறன். அத முதல்லயே சொல்லிடுறன்.

கொழும்புல இருந்து ராத்தாட மகன் லீவுக்கு வந்தான். கையில புது ரொட். புது ரீல். ஒரு பெட்டி நிறைய கலர் கலரா பிளாஸ்டிக் மீன் (எங்கட களப்பு மீனுக்கு இத்தனை கலர் தெரியுமா எண்டே எனக்குச் சந்தேகம்). வந்ததும் வராததுமாக் கேட்டான்:

"மாமா, இங்க தூண்டில் போட லைசன் எங்க எடுக்கிற?"

நல்ல கேள்வி. சட்டத்த மதிக்கிற பிள்ளை. எனக்குச் சந்தோசம்தான்.

எரிச்சல் வந்தது அதுக்குப் பிறகு. ஊருக்குள்ள கேட்டுப் பார்ப்பம் எண்டு அவனையும் கூட்டிட்டுப் போனன்.

தூண்டில் சாமான் விக்கிற கடைக்காரர்: "லைசனா? சும்மா போய்ப் போடுங்க தம்பி. முள்ளு வேணுமா?"

த்ரீவீல் ஓட்டுற நானா: "கட்டாயம் வேணும். இல்லாட்டி நேவி புடிக்கும்."

போட்காரர்: "என்ட போட்டுக்கு எல்லாம் இருக்கு. நீங்க ஏறினாப் போதும்."

கரையில வலை பொத்திக்கொண்டிருந்த மூத்த மனிசர் ஒருத்தர் தலையையே தூக்கல்ல: "கடல் அல்லாஹ்ட. லைசன் ஆருட்ட கேக்கிற?"

பேஸ்புக்ல ஒருத்தர்: "வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் வேணும் புரோ."

ஒரு கேள்வி, ஆளுக்கொரு மறுமொழி. அதுல ஒருத்தருக்காவது சந்தேகம் வரல்ல பாருங்க! "எனக்குத் தெரியா" எண்டு ஒருத்தர் சொல்லியிருந்தா அவர்ட கையப் புடிச்சு சலாம் சொல்லியிருப்பன்.

சரி. நாமளே தேடுவம்.

---

வெளியூர் ஆக்களுக்கு ஒரு வார்த்தை. எங்கட ஊர் பள்ளிவாசல்துறை, கற்பிட்டிக் குடாநாடு, புத்தளம் மாவட்டம். குடாநாட்டுக்கு ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மற்றப் பக்கம் பெருங்கடல். சோளகம் எழும்பினா கடல் பக்கம் கால் வைக்க ஏலா, களப்புப் பக்கம் போவம். காத்து அடங்கினாத் திரும்பக் கடல். களப்புல மணலை, ஓரா, கொடுவா, கெளிறு. வெளிக்கடல்ல பாரை, சீலா, அறக்குளா. கல்லுப் பக்கம் கலவாய், விளை.

தூண்டில்காரனுக்கு இத விட நல்ல இடம் நாட்டுல குறைவு. (தெற்குல இருக்கிற ஆக்கள் சண்டைக்கு வருவாங்க. வரட்டும்.)

இப்பச் சட்டம்.

எல்லாத்துக்கும் தாய்ச்சட்டம் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம். அதுட 6 ஆம் பிரிவுலதான் லைசன் கதை வருது. அது சொல்றது என்னண்டா, குறித்துரைக்கப்பட்ட மீன்பிடி நடவடிக்கை எதையும் லைசன் இல்லாமச் செய்ய ஏலா.

அந்த "குறித்துரைக்கப்பட்ட" பட்டியல் எங்க? சட்டத்துல இல்ல. அதுக்கு ஒழுங்குவிதி. ஒழுங்குவிதி வர்த்தமானியில. அதே 1996 லதான் மீன்பிடி நடவடிக்கை ஒழுங்குவிதிகள் வந்திச்சு.

போனில அதத் திறந்து, ரெண்டு விரலால இழுத்து இழுத்துப் பெருசாக்கி வாசிச்சன். வலை. பிறகும் வலை. சுருக்கு வலை, லைலா வலை, கட்டுவலை. சங்கு, கடலட்டை, சிங்க இறால். எல்லாம் தொழில். கரையில ஒத்தத் தூண்டிலோட பொழுது போக்க நிக்கிற மனிசன மனசுல வச்சு எழுதின எழுத்து இல்ல அது.

இந்தக் கரையில நிண்டு கைத்தூண்டிலோ ரொட்டோ போடுறதுக்கு ஆரும் லைசன் எடுத்ததையும் நான் காணல்ல, ஆரும் கேட்டதையும் காணல்ல. மருமகனுக்கும் அதத்தான் சொன்னன். "அப்ப ஒரு சட்டமும் இல்ல, என்ன மாமா?" எண்டான்.

அந்த இடத்துலதான் சிக்கல் தொடங்குது. லைசன் இல்லையே எண்டதுக்காகச் சட்டமும் இல்லாமப் போகாது.

---

ஒவ்வொண்டாப் பார்ப்பம்.

தங்கூசி. நம்ம ஆக்களுக்கு நல்லாத் தெரிஞ்ச சட்டம் இதுதான். தங்கூசி வலை 2006 ல இருந்து தடை. அது கடல்ல அறுந்து போனாலும் உக்காமக் கிடந்து மீனக் கொண்டுகொண்டே இருக்கும். நியாயமான தடை (களப்புல அது இன்னும் ஓடுது எண்டது வேற கதை, அதுக்கு வேற பதிவு எழுதணும்). ஆனா உங்கட ரீல்ல சுத்தியிருக்கிறதும் அதே தங்கூசிதானே? போன வருசம் ஒரு பொடியன் என்னட்ட ரகசியமாக் கேட்டான்: "நானா, இந்த நூலையும் புடிப்பாங்களா?" இல்லடா தம்பி. தடை வலைக்கு. நூலுக்கில்ல. ஆனா அவன் கேட்டதுல என்ன பிழை? "தங்கூசி தடை" எண்டுதானே ஊரெல்லாம் சொல்லுது.

சிங்க இறால். பெப்ரவரி, செப்டம்பர், ஒக்டோபர். இந்த மூண்டு மாசமும் பிடிக்க ஏலா. முட்டையோட இருக்கிறத எந்த மாசமும் பிடிக்க ஏலா. "நான் தூண்டில்காரன், எனக்கென்ன?" எண்டு கேக்காதீங்க. ராத்திரி டோர்ச்சும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு கல்லுப் பக்கம் இறங்குற விருந்தாளிகள் எத்தனை பேர்! அவங்களுக்கு அது பிக்னிக். சட்டத்துக்கு அது மூடின காலத்துல நடந்த குற்றம்.

சங்கு. 70 மில்லிமீட்டருக்குக் குறைஞ்சது ஏலா. 2003 ஒழுங்குவிதி. களப்புல கால்ல தட்டுப்பட்ட சின்னச் சங்க ஷோகேஸ்ல வைக்கக் கொண்டு போற பிள்ளைக்கு இத ஆர் சொல்றது?

சுறா. வால் உடம்பளவு நீளமா, சாட்டை மாதிரி வளைஞ்சிருக்கிற சுறா ஒண்டு இருக்கு. 2012 ல இருந்து நம்ம நாட்டுல அதப் பிடிக்கிறது தடை. தற்செயலாக் கொளுவினா உசிரோட விடணும். இந்து சமுத்திர சூறை மீன் ஆணைக்குழு எண்டு ஒண்டு இருக்கு, அதுட தீர்மானத்துல இருந்து வந்தது இது. அந்தத் தீர்மானத்துல பொழுதுபோக்கு மீன்பிடிக்காரரையும் பேர் சொல்லிச் சேத்திருக்காங்க. அந்தச் சுறா கொளுவுற மாதிரி இடத்துக்குப் போறவன் அத உசிரோட விடுறதுக்கான சாமானும் வச்சிருக்கணுமாம்.

பாருங்க, எங்கள நினைச்சு எழுதின ஒரு வரி இருக்கு! அதுவும் ஊர்ல இருந்து வரல்ல, சர்வதேசத்துல இருந்து வந்திருக்கு.

டைனமைட், நஞ்சு பற்றிச் சொல்லத் தேவையில்ல. அது சட்டத்துலயே இருக்கு. சட்டம் இல்லாட்டியும் அது ஹறாம்தான்.

இவ்வளவும் ஒரு திணைக்களம். இனி மற்றது.

எங்கட குடாநாட்டுக்கு மேற்கால கடலுக்குள்ள இருக்கிறது பார் ரீஃப். பவளப்பாறை. 1992 ல சரணாலயம் ஆக்கினாங்க, 300 சதுர கிலோமீட்டருக்கு மேல. அது வனஜீவராசிகள் திணைக்களத்துக்குக் கீழ. அவங்கட சட்டம் 1937 ல வந்தது. மீனுக்கு ஒரு திணைக்களம், அந்த மீன் நிக்கிற கல்லுக்கு இன்னொரு திணைக்களம். "சரணாலயத்துக்குள்ள தூண்டில் விடலாமா?" எண்டு போட்காரர்ட்டக் கேட்டுப் பாருங்க. எத்தனை போட்காரரோ அத்தனை மறுமொழி.

களப்பத் தாண்டி வடக்கால போனா டச்சுக்குடா, போத்துக்கல்குடா. அதுக்கு அங்கால கரை வில்பத்து. தேசிய பூங்கா. அதுக்குள்ள போறதுக்கே அனுமதி வேணும், மீன் பிடிக்கிறது பிறகு. ஆனா பூக்குளம் மாதிரி பழைய மீனவர் இடம் அதுக்குள்ளயே இருக்கு. அவங்க காலங்காலமாப் பிடிக்கிறாங்க. தூரத்துல இருந்து பார்க்கிறவனுக்கு என்ன விளங்கும்? "அவங்க பிடிக்கிறாங்க, நானும் பிடிக்கலாம்" எண்டுதான் விளங்கும்.

இதோட தாய்ச்சட்டத்துக்குத் திருத்தம் வேற. 2000, 2004, 2006, 2013, 2015, 2016, 2017. பழைய பிரதிய வாசிச்சிட்டு "எனக்குச் சட்டம் தெரியும்" எண்டு மார்பு தட்ட ஏலா. 2017 திருத்தம்தான் இயந்திரப் படகால அடித்தள இழுவை மடி இழுக்கிறதத் தடை செஞ்சது. நல்ல திருத்தம். ஆனா என்ட ரொட்டுக்கு அதுல ஒண்டும் இல்ல எண்டு தெரிஞ்சுகொள்ளவும் நான் அத முழுசா வாசிக்க வேண்டியிருந்திச்சு.

இப்ப என்ட கருத்து. தூண்டில்காரனுக்கு நம்ம நாட்டுல சட்டம் கூடிப் போகல்ல. எண்ணிப் பார்த்தா ஒரு பக்கத்துக்குள்ள அடங்கும். ஆனா அது கிடக்கிற கிடை! ஜும்ஆ முடிஞ்ச பள்ளிவாசல் செருப்பு மாதிரி. எல்லாம் அங்கதான் இருக்கு, உங்கட சோடிய மட்டும் காணல்ல.

---

"வெளிநாட்டுல எல்லாம் ஒழுங்கா இருக்கும்" எண்டு சொல்றவங்களுக்கு: கொஞ்சம் பொறுங்க.

கனடா, ஒன்டாரியோ. டொரொன்டோவுல இருக்கிற எங்கட ஆக்கள் கோடை வந்தா ஏரிக்கரையில நிப்பாங்க. 18 இல இருந்து 64 வயசு வரைக்கும் லைசன் வேணும், அதோட அவுட்டோர்ஸ் கார்ட். லைசன்லயே ரெண்டு வகை: ஒண்டுல கூடப் பிடிக்கலாம், மற்றதுல குறைய. மாகாணத்த 20 வலயமாப் பிரிச்சிருக்காங்க. வலயத்துக்கு வலயம் காலம் வேற, மீனுக்கு மீன் எண்ணிக்கை வேற. அதுக்கு மேல சில ஏரிக்குத் தனி விதி. ஏரிக்கு இந்தக் கரை ஒரு சட்டம், பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு சட்டம் எண்டு என்ட கூட்டாளி புலம்புவான்.

இங்கிலாந்து. ஆத்துலயும் குளத்துலயும் 13 வயசுல இருந்து ரொட் லைசன் வேணும். கடலுக்கு வேணாம். "அப்ப கடல் லேசு" எண்டு நினைச்சிடாதீங்க. 2025 ல கடல் பாஸ் மீனுக்கு ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு ரெண்டு, 42 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, பெப்ரவரி மார்ச்சுல ஒண்டும் வச்சுக்கொள்ளக் கூடாது. அது வருசா வருசம் மாறலாம்.

சுவிஸ். இதுதான் உச்சம். ஒரு மாசமோ அதுக்கு மேலயோ செல்லுற மீன்பிடி அனுமதி எடுக்கிறதெண்டா, மீனப் பற்றியும் அத வதைக்காமக் கையாளுறதப் பற்றியும் அறிவு இருக்கு எண்டு அத்தாட்சி காட்டணும். 2009 ல இருந்து. (தூண்டிலுக்கு வகுப்பு! எங்கட வாப்பா கேட்டிருந்தா சிரிச்சே கதிரையால விழுந்திருப்பார்.) அங்க இன்னொரு புதினம். விளையாட்டுக்காகப் பிடிச்சு விடுறதுக்கெண்டே மீன் பிடிக்கப் போறது அங்க சட்டப்படி பிழை. பிடிச்சாச் சாப்பிடப் பிடி. வேற நாடுகள்ல பிடிச்சு விடுறவன்தான் நல்ல பிள்ளை.

(எனக்கு சுவிஸ்காரர்ட ஞாயம் லேசா விளங்குது. விளையாட்டுக்காக ஒரு உசிர வதைக்கக் கூடாது எண்டுதான் எங்களுக்கும் சின்ன வயசுல ஓதித் தந்தது. அதனாலதான் ராத்தாட மகன் ஒரு பாரையப் பிடிச்சு, போட்டோ எடுத்து, முத்தம் குடுத்து, திரும்பக் கடல்ல விட்டப்ப, பக்கத்துல நிண்ட சின்னப் பொடியன்மார் அவன விசரனப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாங்க. "அத எங்களுக்குத் தந்திருக்கலாமே!")

ஆக, அங்க சட்டம் எங்கள விடப் பத்து மடங்கு. ஆனா ஒரு வித்தியாசம். ஒன்டாரியோக்காரனுக்கு எல்லாம் ஒரே தொகுப்புல. தன்ட வலயத்தத் தட்டினா போன்ல வரும். தேடிப் பிடிக்கிற வேலையை அரசாங்கம் செஞ்சு வச்சிருக்கு, வாசிக்கிற வேலை மட்டும் அவனுக்கு. எங்களுக்கு விதி கொஞ்சம்தான். தேடுற வேலை முழுக்க எங்கட தலையில.

அக்கரைக்காரரையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில ஏப்ரல் 15 இல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். கரையில இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் அந்தத் திகதி தெரியும். ஒரு திகதி, ஒரு வகைப் படகு, முடிஞ்சுது. லேசான சட்டத்துக்கு அத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியா.

---

அப்ப எல்லாத்தையும் லேசாக்கிடலாமே? "சின்ன மீன விடு, பெரிய மீன எடு" எண்டு ஒரே வரி?

நானும் அப்புடித்தான் ஆசைப்பட்டன். மீன் விடல்ல.

கொடுவாய எடுங்க. அது முதல்ல ஆண். சில வருசம் ஆணா இருந்து, வளர்ந்து பெருசான பிறகுதான் பெண்ணா மாறுது. அப்ப களப்புல நீங்க பிடிக்கிற அந்த ராட்சசக் கொடுவா, போட்டோவுல ரெண்டு கையால தூக்கிப் பிடிக்கிறது, அது பெரும்பாலும் முட்டை போடுற தாய். சின்னத விட்டு அதத் தூக்கினா என்ன லாபம்? அதனாலதான் அவுஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துக்காரர் கொடுவாய்க்கு ரெண்டு பக்கமும் கோடு போட்டிருக்காங்க. 58 சென்டிமீட்டருக்குக் குறைஞ்சதும் ஏலா, 120 க்குக் கூடினதும் ஏலா. நடுவுல உள்ளது உங்களுக்கு.

கலவாய் நேர் எதிர். அதுல கனக்க இனம் முதல்ல பெண், பிறகு ஆண். பெருசுகளையே பொறுக்கிப் பொறுக்கிப் பிடிச்சா அந்தக் கல்லுல ஆண் மீன் குறைஞ்சு போகும்.

ஒரே களப்பு, ஒரே கடல், ரெண்டு மீனுக்கு ரெண்டு கணக்கு. இதுக்கு ஒரே வரியில சட்டம் எழுத ஏலுமா? கஷ்டம்தான். சட்டம் எழுதுறவன் வேணுமெண்டு சிக்கலாக்கல்ல சில நேரம். மீனே அப்புடி.

இதச் சொன்னா நம்ம ஆக்கள் உடனே ஒரு கேள்வி கேப்பாங்க, நியாயமான கேள்வி: "தடை வலை போடுறவன் டொன் கணக்குல அள்ளுறான். வெடி போடுறவன் கல்லையே உடைக்கிறான். என்ட ஒரு ரொட்டுல வாற ரெண்டு மீனுக்கா சட்டம் கதைக்கிற?"

கோவம் சரி. முதல்ல பெரிய ஆக்களப் புடிக்கத்தான் வேணும். ஆனா அத வச்சு எங்களுக்கு நாங்களே மன்னிப்புக் குடுக்க ஏலா. 1998 ல கடல் சூடாகிப் பார் ரீஃப்ல ஆழம் குறைஞ்ச இடத்துப் பவளம் கிட்டத்தட்ட முழுசாச் செத்துப் போச்சு. பிறகு வருசக்கணக்கில மெல்ல மெல்ல வளந்து வந்திச்சு. 2016 ல திரும்ப வெளிறிச்சு. அடி வாங்கின கல்லு அது. லீவு நாள்ல வேன் வேனா ஆக்கள் வந்து, போட் போட்டாப் போய், அந்தக் கல்லுல இருக்கிற பெரிய கலவாயையே குறி வச்சா, ஒரு ரொட் ரெண்டு மீன் எண்ட கணக்கு அங்க செல்லாது. எங்கட சின்ன வயசுல ரொட்டோட வாற ஆளப் பார்க்கவே கூட்டம் கூடும். இப்ப கைட் சவாரிக்கு வாறவனும் பையில ஒரு ரொட் வச்சிருக்கான்.

---

இன்னொரு குழப்பம். பொழுதுபோக்கு மீன்பிடி எண்டா ஆர்?

உலக உணவு விவசாய நிறுவனம் 2012 ல இதுக்கெண்டே ஒரு வழிகாட்டி போட்டது. அதுட சாரம்: பிடிக்கிற மீன் உங்கட சாப்பாட்டுக்கு முதன்மையான வழியா இருக்கக் கூடாது, பொதுவா விக்கவும் கூடாது. அப்புடிப் பிடிச்சா அது பொழுதுபோக்கு.

இப்ப எங்கட ஊருக்கு வாங்க. அஸர் தொழுதிட்டுக் கைத்தூண்டிலோட களப்புக்கு இறங்குற மனிசர். ஒரு நாள் ஒண்டும் இல்ல. ஒரு நாள் நாலு மணலை. ரெண்டு வீட்டுக்கு, ஒண்டு பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு, ஒண்ட வழியில ஆரும் கேட்டா வித்திடுவார், அந்தக் காசுக்கு ஒரு ராத்தல் பாண். அவர் தொழில்காரரா? இல்ல. பொழுதுபோக்கா? அதுவும் இல்ல. 2022 பொருளாதார நெருக்கடியில இப்புடி ஆக்கள் கூடினாங்க. மீன் விலை ஏறின வேகத்துக்கு, தூண்டில் தெரிஞ்சவன் பிழைச்சான்.

நாளைக்கு ஒரு அமைச்சர் "பொழுதுபோக்கு மீன்பிடிக்கு லைசன்" எண்டு அறிவிச்சா, கொழும்புக்காரன் போன்ல காசு கட்டிட்டு வருவான். இந்த மனிசர் என்ன செய்வார்? இங்க இருந்து புத்தளத்துக்கு பஸ் எடுத்து, போம் நிரப்பி, போட்டோ ஒட்டி, "சேர் இண்டைக்கு வரல்ல" எண்டு கேட்டுத் திரும்பி வருவாரா? லேசாக்குறம் எண்டு சொல்லி ஏழைட தூண்டிலப் பிடுங்குற சட்டமும் ஒரு சட்டமா?

அதனால லைசன் வேணும் எண்டு கொடி பிடிக்கிற ஆக்களோட நான் இல்ல. இப்ப இருக்கிற விதிய விளங்கிற மாதிரி ஒரு இடத்துல தாங்க எண்டுதான் கேக்கிறன்.

---

தரல்ல. அதனால நானே செய்யப் போனன். (இதுதான் இந்தப் பதிவுட சோகமான பகுதி. சிரிக்கலாம்.)

முதல்ல ஒரு அலுவலகத்துக்குப் போனன். பேர் வேணாம். "தூண்டில்காரருக்கு எண்டு ஒரு பேப்பர் இருக்கா?" எண்டு கேட்டன். அந்த மேசைக்குப் போகச் சொன்னாங்க. அந்த மேசை இந்த மேசையக் காட்டிச்சு. கடைசியா ஒரு நல்ல மனிசர் டீ வாங்கித் தந்து கேட்டார்: "நீங்க வலை ஒண்டும் போடல்ல தானே? பிறகு என்ன பிரச்சினை?"

எனக்கும் ஒரு நிமிசம் "அதானே" எண்டு இருந்திச்சு.

பிறகு வீட்டுல இருந்து எழுதினன். வர்த்தமானித் தமிழ அப்புடியே போட்டா ஒரு வசனம் முடியிறதுக்குள்ள மக்ரிபு வந்திடும். அதனால என்ட தமிழ்ல எழுதி, பிரிண்ட் எடுத்து, கடையில ஒட்டச் சொன்னன். கடைக்காரர் ஒட்டினார். ஒருத்தரும் வாசிக்கல்ல. அதுக்கு மேல கருவாட்டு விலை எழுதி இன்னொரு பேப்பர் வந்திச்சு.

படம் போட்டா வாசிப்பாங்க எண்டு நினைச்சன். சங்கு வரைஞ்சன், அது கத்தரிக்காய் மாதிரி வந்திச்சு. மகள் பார்த்திட்டு, "வாப்பா, இது என்ன, மரக்கறிக்கும் தடையா?" எண்டாள்.

கடைசியா வட்ஸ்அப்ல குரல் பதிவு. அது ஓடிச்சு பாருங்க ஓட்டம்! பெப்ரவரி, செப்டம்பர், ஒக்டோபர்ல சிங்க இறால் பிடிக்க ஏலா எண்டு நான் சொன்னது, நாலு குரூப் தாண்டித் திரும்ப என்னட்டயே வந்தப்ப, "பெப்ரவரியில மீன் பிடிக்கத் தடையாம், நேவி அறிவிச்சிருக்காம்" எண்டு இருந்திச்சு. ஆர் சொன்னது எண்டு கேட்டன். "கற்பிட்டியில ஒரு பெரிய ஆள்" எண்டாங்க.

அந்தப் பெரிய ஆள் நான்தான்.

---

ஆனா எழுதாத சட்டங்கள் எப்புடி வேலை செய்யுது எண்டு பாருங்க.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியுமட்டும் எங்கட பக்கம் தொழிலுக்கு இறங்க மாட்டாங்க. கிறிஸ்தவ ஊர்கள்ல ஞாயிறு. ஒருத்தன் வலை விட்ட இடத்துக்கு மேல தூண்டில் எறியக் கூடாது. கட்டுவலைக்குக் கிட்ட நிக்கக் கூடாது. கரைவலை இழுக்கிற நேரம் குறுக்கால லைன் போடக் கூடாது, இழுத்து முடியுமட்டும் சுருட்டிக்கொண்டு நில்லு (கையும் குடுத்தா ஒரு பிடி மீன் தருவாங்க).

இதுக்கெல்லாம் வர்த்தமானி இல்ல. தண்டப்பணம் இல்ல. மீறினா என்ன நடக்கும் எண்டும் எழுதி வைக்கல்ல (நடக்கும். நல்லா நடக்கும்). ஆனா எல்லாருக்கும் தெரியும். ஏன் தெரியும்? அது நடக்கிற இடத்துல, நடக்கிற நேரத்துல, தெரிஞ்ச ஒருத்தர் சொல்லித் தாறார். காரணமும் சேர்த்துச் சொல்றார். "அவன்ட வலை அறுந்தா அவன்ட வீட்டுல அடுப்பு எரியாது." முடிஞ்சுது. அத மறக்க ஏலுமா?

அரசாங்கச் சட்டத்துல எங்களுக்குக் கிடைக்காதது அதுதான். இடமும் இல்ல, நேரமும் இல்ல, காரணமும் இல்ல. "தடை" எண்ட சொல் மட்டும் வருது, அதுவும் ஆள் ஆளாக் கை மாறி.

அதனால என்ட கோரிக்கை சின்னது. இறங்குதுறைக்கு ஒரு பலகை. தமிழ்லயும் சிங்களத்துலயும். கண்டக்குழியில ஒண்டு, கற்பிட்டியில ஒண்டு, எங்கட கரையில ஒண்டு. அதுல இவ்வளவு போதும்:

கரையில இருந்து தூண்டில் போட லைசன் வேணுமா இல்லையா. ஆம் அல்லது இல்ல. ஒரே சொல்லுல.

எந்த மாசம் எது ஏலா. சிங்க இறால் படம், பக்கத்துல மூண்டு மாசம். (படம் நான் வரைய மாட்டன்.)

எத எப்பவும் விடணும். ஆமை, அந்த நீள வால் சுறா, முட்டை இறால். ஏன் எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு வரி.

பார் ரீஃப் எங்க தொடங்குது, வில்பத்து எங்க தொடங்குது. ஒரு வரைபடம். அதுக்குள்ள என்ன ஏலும், என்ன ஏலா. ரெண்டு திணைக்களமும் ஒரே பலகையில.

சந்தேகம் எண்டாக் கேக்க ஒரு போன் நம்பர். எடுக்கிற நம்பர்.

நான் எழுதி ஒட்டினா அது கருவாட்டு விலைக்குக் கீழ போயிடும், குரல் பதிவு போட்டா நேவி அறிவிப்பாத் திரும்பி வரும். அது பரவாயில்ல. பலகைக்கு மரம் நான் தாறன், பெயின்ட்டும் நான் வாங்குறன், கிடங்கு வெட்ட ஊர்ப் பொடியன்மார் இருக்காங்க. திணைக்களம் தர வேண்டியது கீழ ஒரு கையொப்பம் மட்டும்.